வீரம்மா பார்க்காத பாதி

இருபத்திரண்டு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த வீரம்மா ஒரு ஆபரேஷனைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. டாக்டர்கள் கையுறையைக் கழற்றிப் போட்டு, நோயாளியைத் தள்ளிக்கொண்டு போன பிறகுதான் வாளியும் மாப்புமாக அவள் உள்ளே நுழைவாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தரை. தரையைப் பார்த்தே உள்ளே என்ன நடந்ததென்று சொல்லிவிடுவேன் என்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் முழுக்கப் பீற்றிக்கொள்வாள். எலும்பு டாக்டர்களின் தரைதான் மகா மோசமாம், கோழிக்கடை தேவலையாம். பக்கத்து வீட்டுத் தெய்வானை காதைப் பொத்திக்கொண்டாலும் இவள் விடமாட்டாள்.

ஆகையால், 1987இல் எலும்பு டாக்டர் கார்த்திகேசு அவளுடைய எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் சொருகி, "முதுகெலும்பு மூட்டு தேஞ்சி, எலும்பு வளந்து நரம்ப நெரிக்குது வீரம்மா. ஆப்ரேஷன் செஞ்சா நல்லது" என்றபோது, அவள் மனசில் எழுந்தது அந்தத் தரைதான்.

"மாத்திரையே குடுங்க டாக்டர், போதும்" என்று எழுந்துவிட்டாள்.

மாத்திரைக்கு அடங்குகிற வலியா அது? இடுப்பில் கிளம்பி இடது காலில் இறங்கி, கட்டைவிரல் வரைக்கும் எரிந்தது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் பத்து நிமிஷ நடை, அதில் மூன்று இடத்தில் நிற்கவேண்டும். வலிக்கிறது என்று ஊருக்குக் காட்ட மானம் இடம் தரவில்லை. துணிக்கடை வாசலில் நின்று சேலை பார்ப்பதுபோல் பாவனை செய்வாள். கடைக்காரர் பாவம், மூன்று மாசமாக எல்லாச் சேலையையும் பிரித்துப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

கணவர் கன்னையாவுக்கோ கத்தி என்றாலே ஆகாது. ரயில்வேயில் முப்பது வருஷமாகப் பாயிண்ட்ஸ் மாற்றுகிற மனுஷர், தண்டவாளம் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். "முதுகுல கத்தி வச்சா அப்புறம் படுக்கதான். கிள்ளான் சின்செகிட்ட போவோம்லா" என்றார். போனார்கள். சீன வைத்தியரான சின்செ கறுப்புப் பிளாஸ்திரி ஒட்டினார். தோல் வெந்ததே தவிர, வலி அசையவில்லை.

கடைசியில் டாக்டர் ஒரு துண்டுச் சீட்டு எழுதினார். மாப் தூக்கக் கூடாது, ஆறு வாரத்துக்கு லைட் டியூட்டி. வீரம்மாவைக் கொண்டுபோய் எலும்புக் கிளினிக் வாசலில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எக்ஸ்ரே உறைகளை அடுக்கவேண்டும், நம்பர் கூப்பிடவேண்டும். இது ஒரு வேலையா என்று அவளுக்கு ஒரே எரிச்சல்.

முதல் வியாழக்கிழமை, பதினாலாம் நம்பரைக் கூப்பிட்டாள். "நொம்போர் எம்பாட் பெலாஸ்!" ஒரு மலாய் அம்மாள் எழுந்து வந்தார். கையில் ஒரு கூடை ரம்புத்தான் பழம், டாக்டருக்காம். ஃபைலை நீட்டினார். அதில் இருந்த பெயரையும் ஆபரேஷன் தேதியையும் பார்த்த வீரம்மா, ஃபைலையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். மக் தீமா. தியேட்டர் வாசலில் அந்தப் பெயரைக் கூப்பிட்டது அவள் காதில் விழுந்திருந்தது. நாலு மணி நேரம் நடந்த முதுகு ஆபரேஷன் அது. அன்றைக்கு மூன்று வாளித் தண்ணீர் மாற்றினாள். அந்த அம்மாள் செத்தே போயிருப்பார் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து விளக்கேற்றிக் கும்பிட்டும் இருந்தாள்.

"மக்சிக், நீங்களா?" என்று அத்தை முறை வைத்து மலாயில் கேட்டாள். "நடக்குறீங்களே!"

"நடக்காம என்ன, பஸ் ஏறித்தானே வந்தேன்" என்றார் மக் தீமா.

இத்தனை வருஷமாகத் தான் பார்த்தது பாதிக் கதைதான் என்பது வீரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கதவுக்கு உள்ளே சிந்தியதைத் துடைத்தாளே தவிர, கதவைத் தாண்டி எழுந்து நடந்தவர்களை ஒருநாளும் அவள் கண்டதில்லை. அவர்கள் நடந்துபோனது வேறு வாசல் வழியாக.

அதற்குப் பிறகு கிளினிக்கில் வீரம்மாவின் ராஜ்யம்தான். முதுகு ஆபரேஷன் என்று ஃபைலில் கண்டால் போதும், ஆளைப் பிடித்துக்கொள்வாள். எத்தனை நாளில் எழுந்தீர்கள், கால் எரிச்சல் போனதா, மாடிப்படி ஏற முடிகிறதா? நர்ஸ் மிஸ்ஸி அதட்டினாள், வீரம்மா கேட்டால்தானே. நாலு வியாழக்கிழமையில் பதினேழு பேரை விசாரித்துவிட்டாள். பதினாலு பேர் நன்றாக நடந்தார்கள். இரண்டு பேர், அப்படியேதான் இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கினார்கள். பதினேழாவது ஆள் ஜெயராஜ், தெலுக் பங்லிமா காராங்கில் லோரி ஓட்டினவன். அவன் சக்கர நாற்காலியில் வந்தான்.

அவனிடம் எதுவும் கேட்காமல் அவள் எக்ஸ்ரே உறைகளை அடுக்கத் தொடங்கினாள். மற்றவர்களை அவள் விசாரித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த அவன் தானாகவே சொன்னான்.

"வலது கால் வரலக்கா. டாக்டர் முன்னாடியே சொல்லித்தான் செஞ்சாரு. எனக்கு வந்தது முதுகுத்தண்டுல கட்டி, ஒங்களுக்கு வேற. ஆனா ஒங்களுக்கு இப்படி ஆகவே ஆகாதுன்னு நெனச்சிக்கிட்டுப் போயிடாதீங்க."

அன்று முழுக்க அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் கன்னையாவிடம் ஒன்று விடாமல் சொன்னாள், ஜெயராஜையும் சேர்த்து.

"ஒரு ஆள் நடக்கலன்னு நீயே சொல்றியே" என்றார் அவர்.

"ஆமாங்க. அதயும் பாத்துட்டுதான் சொல்றேன். இப்படியே இருந்தா ரெண்டு வருஷத்துல நானும் உக்காந்துதான் போவேன். நீங்களே வந்து பாருங்க."

கன்னையா லீவு போட்டு அடுத்த வியாழக்கிழமை வந்தார். காலை எட்டிலிருந்து பகல் ஒன்று வரை பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோப்பிகூடக் குடிக்கவில்லை. ஒரு மணிக்கு எழுந்து நேராக டாக்டர் அறைக்குள் போனார்.

"நம்ம வீரம்மாவுக்கு எப்ப டாக்டர்?"

பின்னால் நின்ற வீரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பயம் போய்விடவில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு துள்ளல், பத்துமலைத் திருவிழாவுக்குப் போகக் காலையில் கிளம்புகிற பிள்ளையின் துள்ளல். டாக்டர் ஆபத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கால் பலம் குறையலாம், வலி போகாமலும் இருக்கலாம். முழுக்கக் கேட்டுவிட்டு, பேனாவை வாங்கி அவளே கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். முடிந்து ஐந்தாம் நாள், இடுப்பில் பட்டையைக் கட்டி, இரண்டு பக்கமும் மிஸ்ஸிகள் பிடித்துக்கொள்ள, அவளை நிற்கவைத்தார்கள். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை இறுக்கப் பிடித்தபடி கன்னையா நின்றார். வீரம்மா ஒரு அடி வைத்தாள். இன்னொன்று. நாலாவது அடியில் முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"வலிக்குதா?" என்றார் கன்னையா.

வீரம்மா இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் தனக்குள்ளேயே தேடிப் பார்த்தாள்.

"வலிக்குதுங்க. ஆனா தச்ச எடத்துலதான் வலிக்குது. கால்ல இல்ல."

அவர் கம்பியை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, படுக்க வச்சிடாதீங்க" என்றாள் வீரம்மா. "அந்தக் கதவு வரைக்கும் போவோம்."