எரிப்பதற்காகக் கட்டும் சுவர்

லொர்னா கட்டும் சுவர் எதுவும் மாலை வரை நிற்பதில்லை. காட்டுத்தீ வந்தால் வீட்டின் வெளிச்சுவர்ப் பலகைகளில் எது சீக்கிரம் பற்றும் என்று கொளுத்திப் பார்க்கும் கொட்டகை ஒன்று எங்கள் கலிபோர்னியா மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே அவள் பலகை அடிப்பவள். நான் சாம்பல் கூட்டுபவள். எரியப்போகும் சுவருக்கும் அவள் ரசமட்டம் வைத்துப் பார்ப்பாள்.

"கோணலா அடிச்சா இடுக்கு விழும். அப்புறம் பலகையைத் திட்டி என்ன பிரயோஜனம்?" என்பாள்.

அவள் வீட்டுச் சுவர் முழுக்கத் தேவதாரு. கல்யாணமான வருடம் கணவர் வென்டெல் தன் கையால் அடித்தது. அதைப் பிரித்துவிட்டுச் சிமெண்ட் பலகை போடச் சொல்லி அவரிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. போன இலையுதிர்காலத்தில் தீ பக்கத்து முகடு வரை வந்து திரும்பியது. அதன் பிறகு காற்றடிக்கும் நாட்களில் அவள் ஷூவைக் கழற்றாமலே தூங்கினாள்.

"உங்க கொட்டகைப் பலகை எரியும். நான் பெயிண்ட் அடிச்சுக் காப்பாத்தினது எரியாது" என்றார் வென்டெல்.

"அப்ப நாலு பலகை கழட்டிக் கொண்டா. பாத்துடலாம்."

கொண்டுவந்தார். பலகை நுனியில் நீர் சொட்டியது.

"என்ன, குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தியா?"

"தூசியா இருந்துச்சு. கழுவினேன்."

அவள் வாங்கி உலர்த்தும் அறையில் அடுக்கினாள். எந்தப் பலகையையும் நன்றாகக் காயவைத்துத்தான் நாங்கள் எரிப்போம். அது அவருக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அவர் பார்க்க வந்தார். அவருடைய பலகையில் ஒரு சுவர், பக்கத்தில் சிமெண்ட் பலகையில் ஒன்று. அவருடையதற்கு லொர்னா இரண்டு தடவை ரசமட்டம் வைத்தாள். அடியில் வாயு அடுப்பைப் பற்றவைத்தார்கள். அவர் அடித்த பச்சைப் பெயிண்ட் கொப்பளித்து உரிந்தது. தீ விறுவிறுவென்று உச்சிக்கு ஏறியது. சிமெண்ட் பலகை கருத்ததோடு சரி.

லொர்னா சுவரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தவளின் பார்வையாக அது இல்லை.

எல்லாம் அணைந்ததும் வென்டெல் என்னிடம் வந்து துடைப்பத்துக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். தன் சுவரின் சாம்பலைத் தானே கூட்டினார்.

"நான் நனைச்சேன்னு உனக்குத் தெரியும்தானே?" என்று லொர்னாவிடம் கேட்டார்.

"தெரியும்."

"அப்பவே திட்டலையே."

"வீட்டு மேல உள்ள ஆசையிலதானே செஞ்சே."

அவர் சாம்பலை ஒரு மூலையில் குவித்தார்.

"அந்தச் சிமெண்ட் பலகைக்குப் பச்சை அடிக்கலாமா?"

"தாராளமா."

"ஆணி நான்தான் அடிப்பேன்."

"அடி. ரசமட்டம் நான் புடிக்கிறேன்."