காளைகள் தெரிய ஒரு கதவு

சித்தூர்ப் பக்கம் தோட்டத்தில் புது வீடு கட்டினோம். கூடத்தில் உட்கார்ந்தபடியே சமையலறை வழியாகத் தொழுவத்துக் காளைகள் தெரியவேண்டும் என்று, பிளானில் தெற்கே இருந்த சமையலறைக் கதவை நான்தான் கிழக்கே மாற்றினேன்.

"ஏனுங்க, மார்கழிக் காத்து நேரா அடுப்புக்கே வருமுங்க" என்றாள் மனைவி.

"அப்பச் சாத்திக்க அம்மிணி" என்றேன். சாத்தினால் காளைகள் தெரியாது. நானே திறந்து வைப்பேன்.

மார்கழியில் மலைக் கணவாய் வழியே வரும் காற்று சுழற்றியடித்த ஒரு காலையில் அடுப்புத் தீ அவள் சேலையில் பற்றியது. அப்போதும் நான் காளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடத்துத் தண்ணீரை அவளே மேலே ஊற்றிக்கொண்டு தப்பினாள். கை வெந்துவிட்டது.

மறுநாளே அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தேன். கையில் கட்டோடு வந்து நின்றவள், "காளைங்கள இனி எப்படிங்க பாப்பீங்க?" என்றாள்.

இப்போது வீட்டைச் சுற்றி நடந்துபோய்த்தான் பார்க்கிறேன். போகுமுன் சமையலறையை எட்டிப் பார்க்கிறேன்.