குணாளன் பார்த்த ரேஸ்

ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் ஏழாவது மாடியில் குடியிருக்கும் குணாளனுக்கு வேகம் என்றால் உயிர். பிழைப்போ அதற்கு நேர் எதிர். பட்டர்வொர்த் பக்கத் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷமாகக் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். கப்பலடியிலிருந்து பெட்டி அடுக்கும் இடம், அங்கிருந்து மறுபடி கப்பலடி. உள்ளே முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் எச்சரிக்கைக் கடுதாசி கொடுப்பார்கள். அவருக்கு ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. அதையும் ஒரு குறையாகத்தான் மனசில் வைத்திருந்தார்.

அந்தக் குறைக்கெல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரு நாள் இருந்தது. மே தினம்.

தொண்ணூற்று நான்கில் மே ஒன்றாம் தேதி, சுகுமாரனின் மோட்டார் பட்டறையில் பத்துப் பேர் உட்கார்ந்து டிவியில் கார் ரேஸ் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பந்தய வீரர் சென்னா சுவரில் மோதிச் செத்தார். அடுத்த வருஷம் அதே நாளில் அதே பத்துப் பேர் கூடி அவர் பெயரைச் சொல்லித் தேத்தண்ணீர் குடித்தார்கள். அவருக்கு முந்தின நாள் அதே ஓடுதளத்தில் செத்த ராட்சன்பெர்கரை விடலாமா என்று ஒருவர் கேட்டார். அவர் பெயரும் சேர்ந்தது. பிறகு ஜிம் கிளார்க், வில்னவ், வயதாகிப் படுக்கையில் செத்த ஃபாஞ்சியோகூட என்று பட்டியல் நீண்டது. இப்போது அது ஒரு நீளப் புத்தகம். மே தினத்தன்று பட்டறையை மூடிவிட்டு முப்பது நாற்பது பேர் உட்காருவார்கள். ஒருவர் பெயரைப் படிப்பார், எந்த வருஷம், எந்த ஓடுதளம், எப்படி என்று சொல்லுவார். மற்றவர்கள் கேட்பார்கள். அவ்வளவுதான் சடங்கு.

படிப்பவர் குணாளன். ஏன் அவர் என்றால், அந்தக் கூட்டத்திலேயே பெரிய ரேஸை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். தொண்ணூற்றொன்பதில், செப்பாங்கில் நடந்த முதல் ஃபார்முலா ஒன் ரேஸுக்கு டிக்கெட் எடுத்துப் போனவர்.

போனார் என்பது உண்மை. செப்பாங் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை.

விடியற்காலை பஸ் பாதி வழியில், நெடுஞ்சாலையோரத் தாப்பா ஓய்விடத்தில் புகை கக்கி நின்றது. மாற்று பஸ் வந்தபோது மத்தியானம் ஒரு மணி. இனிப் போய்ப் பயனில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, அங்கிருந்த டிவியில் முழு ரேஸையும் பார்த்துவிட்டு வடக்கே வரும் பஸ்ஸைப் பிடித்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் ஒருவன், "எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "காது இன்னும் அடைச்சிருக்குடா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு அது தானாகவே வளர்ந்தது. ஹாக்கினன் மூன்றாவதாக வந்ததற்காகப் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பி அழுத பின்லாந்துக்காரன் ஒருவன்கூட நாளாவட்டத்தில் வந்து சேர்ந்தான். உண்மை தெரிந்தது மனைவி குமுதாவுக்கு மட்டும். வீட்டில் சண்டை வந்தால், "தாப்பா வரைக்கும் போனவருதானே நீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வாள்.

இருபத்தைந்து வருஷம் இப்படிப் போனது. இந்த வருஷம் பிப்ரவரியில் சீனி முகம்மது வந்தார்.

கிள்ளானில் டயர் கடையில் வேலை பார்த்தவர். வயது அறுபத்து நான்கு. மனைவி தவறியபின் மகள் ரொஸ்னா வீட்டோடு இருக்க அதே ஃப்ளாட்டுக்கு, நான்காவது மாடிக்குக் குடிவந்தார். டயரில் காற்று இறங்கிய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தவரிடம் சுகுமாரன் ஏதோ கேட்க, அவர் காதைத் திருப்பி, "இந்தப் பக்கம் சொல்லுங்க தம்பி, அந்தக் காது போயிருச்சு" என்றார்.

"எப்படி பாய் போச்சு?"

"செப்பாங்ல கொடி காட்டுற வேலைக்கு நின்னேன். முதல் ரேஸுலேருந்து பத்து வருஷம். சம்பளம் இல்லாத வேல. சோறு குடுப்பாங்க."

சுகுமாரன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே போய், கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து போட்டார். அது இதுவரை குணாளன் உட்கார்ந்த நாற்காலி.

அன்றிலிருந்து குணாளனுக்கு வயிற்றில் ஒரு அடுப்பு. சாயங்காலம் பட்டறைக்குப் போனால் கூட்டம் சீனி முகம்மதைச் சுற்றித்தான். தேத்தண்ணீர் முதலில் அவர் கைக்குப் போகும். அவர் அதிகம் பேசுகிறவரும் இல்லை. டயர் கருகும் வாசனை எப்படி இருக்கும் என்று ஒரு வரி சொல்லுவார், நாலு பேர் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். குணாளன் ஒரு ரேஸை முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை விவரித்தாலும் அப்படிக் கேட்டதில்லை. அந்த மனுஷனுடைய செவிட்டுக் காதின் மேல்கூட அவருக்குப் பொறாமை. தான் வாயால் சொன்ன காதடைப்பை இவர் நிஜமாகவே கொண்டுவந்து உட்கார்ந்திருக்கிறாரே.

பொறாமைக்கு அடியில் பயமும் இருந்தது. எந்தப் பக்கம் உட்கார்ந்தீங்க, எந்த வாசல் வழியா வந்தீங்க என்று அவர் ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆனால் அவர் கேட்கவே இல்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஏப்ரல் நடுவில் சுகுமாரன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இந்த வருஷம் பேரப் படிக்க சீனி பாய கூப்பிடலாமான்னு பசங்க கேக்குறாங்க. அவரு அங்கயே நின்னவருல்ல."

"ஏன், நான் நிக்கலியா?"

"நீங்க பார்த்தீங்கண்ணே. அவரு வேல செஞ்சவரு."

அன்று ராத்திரி குணாளனுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு முடிவோடு பட்டறைக்குப் போனார். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சீனி முகம்மது அந்த நாற்காலியில் இருந்தார்.

"பாய், ஒரு சந்தேகம்," என்றார் குணாளன். "தொண்ணூத்தொம்பதுல நீங்க இருந்தீங்கதானே. மூணாவதா வந்தது யாரு?"

சீனி முகம்மது யோசித்தார். "தெரியலயே தம்பி."

"சரி. ஷூமாக்கர் தன் கூட்டாளி அர்வைனுக்கு எத்தன தடவ வழி விட்டாரு?"

"வழி விட்டாரா?"

லோரி ஓட்டும் பிச்சைமுத்து களுக்கென்று சிரித்தார். குணாளனுக்கு ரத்தம் சூடேறியது. "ரெண்டு தடவ பாய். உலகத்துக்கே தெரியும். ரேஸ் முடிஞ்சு ஃபெராரி ரெண்டையும் செல்லாதுன்னு தள்ளி வச்சாங்களே, அதாச்சும்?"

"அது மறுநாள் பேப்பர்ல பார்த்தேன்."

"பேப்பர்ல," என்று குணாளன் எல்லோரையும் பார்த்தார். "அங்கயே நின்னவரு பேப்பர்ல பார்த்திருக்காரு. கொடி காட்டுனது செப்பாங்லயா, இல்ல கிள்ளான் பள்ளிக்கூட வாசல்லயா?"

பட்டறை அதிரச் சிரித்தார்கள். சீனி முகம்மது சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். குணாளன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னும் சூடாக இருந்தது.

நாலைந்து நாள் ராஜா மாதிரி இருந்தார். பெயர் படிப்பது மறுபடி அவர்தான் என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஜெலுத்தோங் பாசாரில் மீன் கடை முன்னால் ரொஸ்னா அவரை மறித்தாள்.

"மாமா, எங்க அத்தாவ பொய்க்காரர்னு சொன்னீங்களாமே."

"நான் கேள்விதாம்மா கேட்டேன்."

"இதப் பாருங்க." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை நீட்டினாள்.

படத்தில் ஓடுதளத்து ஓரம். ஆரஞ்சு நிற உடையில் சீனி முகம்மது, இளவயது, கையில் மஞ்சள் கொடி. அவருடைய முதுகுக்குப் பின்னால் சிவப்புக் கார் ஒன்று வளைவில் சீறிக்கொண்டு வருகிறது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எதிர்ப்பக்கம், காலியாகக் கிடக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

குணாளன் படத்தை வெகுநேரம் பார்த்தார். மீன்காரர், "அண்ணே, வாங்குறதுன்னா வாங்குங்க, இல்லன்னா தள்ளி நில்லுங்க" என்றார்.

அன்று மத்தியானமே நான்காவது மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினார். சீனி முகம்மது உள்ளே வரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தார்.

"படத்த பார்த்தேன் பாய். ஏன் அந்தப் பக்கம் பார்த்து நின்னீங்க?"

"அதான் தம்பி வேல. ரெண்டு ரெண்டு பேரா நிப்போம். ஒருத்தன் வர்ற காரப் பார்த்து நிப்பான். இன்னொருத்தன் முன்னாடி போற ரோட்டப் பார்த்து நிப்பான். நான் ரெண்டாமவன். முன்னாடி எவனாச்சும் சுத்தி நின்னுட்டா கொடிய ஆட்டணும். அந்த நேரம் நான் திரும்பி ரேஸ வேடிக்க பார்த்தா, வர்றவன் நேரா போய் இடிப்பான். பின்னாடி ஏதாச்சும்னா கூட்டாளி விசில் ஊதுவான். அது கேக்கணும்னு காதுல வச்ச அடைப்பையும் எடுத்துட்டேன்."

"பத்து வருஷமுமா?"

"பத்து வருஷமும். ஜெயிச்சது யாருன்னு சாயங்காலம் சோத்து வண்டிக்காரன்கிட்டதான் கேப்பேன்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"எல்லாரும் சிரிச்சுட்டாங்க. சிரிச்ச பொறவு சொன்னா சமாளிக்குற மாதிரி இருக்கும்."

குணாளன் தண்ணீரைக் குடித்தார். போய்விடலாமா என்று கதவைப் பார்த்தார். பிறகு சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பஸ், தாப்பா, டிவி எல்லாவற்றையும்.

சீனி முகம்மது கேட்டு முடித்ததும் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க போகாதது எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. போகாதவரு போனவன பொய்க்காரனாக்குனீங்க பாருங்க. அது பன்னெண்டு பேரு முன்னாடி நடந்துச்சு. இங்க வந்து என் காதுல சொன்னா எப்படி? அதுவும் கேக்காத காதுல."

"அவங்க முன்னாடி சொல்லணும்ங்கிறீங்க."

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்களாத்தான் வந்தீங்க."

மே தினத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் குணாளன் லோரியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். சொன்னால் புத்தகம் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சீனி முகம்மது வாய் திறக்கிற ஆளில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆள் நாலு பேரிடம் போய்ச் சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் இவ்வளவு பெரிய மனுஷனாக இருப்பதுதான் தாங்கவில்லை. "நான் என்ன செய்ய?" என்று குமுதாவைக் கேட்டார்.

"தாப்பாவிலேருந்து கெளம்புங்க," என்றாள் அவள்.

மே தினத்தன்று நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ரொஸ்னா வற்புறுத்தி அழைத்து வந்திருந்ததால் சீனி முகம்மதும் பின்வரிசையில் இருந்தார். குணாளன் புத்தகத்தோடு எழுந்து நின்றார். பிரிக்கவில்லை.

"தொண்ணூத்தொம்பதுல நான் செப்பாங் போகல," என்றார். "பஸ்ஸு தாப்பாவில நின்னுபோச்சு. ரேஸ அங்க டிவியிலதான் பார்த்தேன். சீனி பாய் நெஜமாவே அங்க நின்னவரு. ரேஸுக்கு முதுகக் காட்டி நிக்குறதுதான் அவரு வேல. அதான் அவருக்கு ஒண்ணும் தெரியல. பொய் சொன்னது நான்."

சாலையில் ஒரு பஸ் போனது.

"அப்ப அந்தக் காதடைப்பு?" என்றார் பிச்சைமுத்து.

"இல்ல."

"பக்கத்துல ஒக்காந்து அழுதானே, அந்தப் பின்லாந்துக்காரன்?"

"அது கடைக்காரன். வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தான்."

சிரிப்பு கிளம்பியது. நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று குணாளனுக்குப் பிடிபடவில்லை. சுகுமாரன் மட்டும் சிரிக்கவில்லை. "புக்க பாய்கிட்ட குடுங்கண்ணே," என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. உதிரி சாமான் எடுத்துக் கொடுக்கச் சொல்லுகிற குரலில் சொன்னார்.

குணாளன் கொண்டுபோய்க் கொடுத்தார். காலியாக இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

சீனி முகம்மது கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். பெயர்களை உடைத்தார். ஃபாஞ்சியோ ஐந்து தடவை உலக சாம்பியன் என்பதைச் சொல்ல மறந்து தாண்டிப் போனார். ஒவ்வொன்றும் குணாளனுக்குப் பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது.

"யோகன் ரிண்ட். எண்பதாம் வருஷம்."

"எழுபது," என்றார் குணாளன், பொறுக்காமல். "செத்ததுக்கப்புறம் சாம்பியன் ஆனவரு. வேற யாரும் அப்படி ஆனதில்ல. அதச் சொல்லணும்."

"நீ சும்மா இரு லா," என்றார் பிச்சைமுத்து. "தாப்பாவுல படம் தெளிவா தெரிஞ்சிருக்காது."

மறுபடி சிரிப்பு. சீனி முகம்மதும் சிரித்துவிட்டார். தப்பாகப் படித்ததற்காகவே அவரை எல்லோருக்கும் இன்னும் பிடித்துப்போனது முகங்களில் தெரிந்தது. இருபத்தைந்து வருஷம் ஒரு தேதி பிசகாமல் படித்தவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

பட்டியல் முடிந்தது. "பாய், நீங்களா ஏதாச்சும் சொல்லுங்க," என்றார் சுகுமாரன்.

"என்னத்தச் சொல்ல. பேரு, வருஷமெல்லாம் குணாளன் தம்பிக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது சத்தம்தான். எந்தக் காருன்னு திரும்பாமயே சொல்லிருவேன்."

நாற்பது பேரும் முன்னால் சாய்ந்தார்கள். நாற்காலிகள் தரையில் உரசின. குணாளனும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லோரையும்விடக் கிட்டே.

"அது காதுல மொதல்ல வருமா பாய், கால்ல மொதல்ல வருமா?"

சீனி முகம்மது கேட்கிற காதை அவர் பக்கம் திருப்பினார். "கால்லதான். பூட்ஸுக்குள்ள விரலு நடுங்கும். அப்புறம்தான் காது."

குணாளனுக்கு வயிறு பற்றி எரிந்தது. அடுத்த கேள்வியைக் கேட்டார்.