ஏற்றத்தில் என் வலது கால்

இயந்திரவியல் படித்த எனக்குப் பட்டியல் போடாமல் காரை எடுக்க வராது. டயர், கூலன்ட், பிரேக் எல்லாம் சரிபார்த்துத்தான் அன்றும் அம்மாவுடன் கொடைக்கானலுக்குக் கிளம்பினேன்.

சீசன் நெரிசலில், ஏற்றத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்தோம். திடீரென்று கருகிய வாடை. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைந்தது. வாங்கி இரண்டே வருடமான ஆட்டோமேட்டிக் கார் பின்னால் உருண்டது. பிரேக்கை அழுத்தினேன். பின்னால் நின்ற ஜீப்காரர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

“ஏத்தத்துல நிக்கிறப்ப எதை மிதிப்பீங்க?”

“உருளாம இருக்க ஆக்சிலேட்டரைத்தான் லேசா மிதிப்பேன்ணே.”

“அப்ப கியர்பாக்ஸுக்குள்ள கிளட்ச் பாதி பிடிச்சு ஒரசி ஒரசியே வெந்திருக்கும். பிரேக்கு சும்மாதான கெடக்கு?”

எனக்குத் தெரிந்த பாடம்தான். அம்மா சொன்னார்: “எல்லாத்தையும் எழுதுன, ஒங் காலை எழுதலையே.”

கியர்பாக்ஸ் மாற்றி வரும்வரை மூன்று வாரம் பஸ்ஸில் நின்றே வேலைக்குப் போனேன். இப்போது ஏற்றத்தில் பிரேக்கை மட்டுமே மிதித்து நிற்கிறேன். பட்டியலிலும் சேர்த்தாயிற்று. ஆனாலும் அம்மா சாலையைப் பார்ப்பதில்லை. என் வலது காலைத்தான் பார்க்கிறார்.