எந்தக் குறிச்சி?

மன்னிப்பது பெரிய குணம் என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். சொல்லட்டும். அவருடைய வேலையை யாரும் பறிக்கவில்லை. நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. பறிபோன வேலை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நல்ல முடிவை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

லண்டன் விம்பிள்டனில், மின்சாரமும் காஸும் விற்கிற ஒரு கம்பனியில் போனில் பதில் சொல்வதுதான் என் வேலை. அங்கே தமிழுக்கென்று தனிப் பிரிவு திறந்தபோது முதலில் எடுத்த ஆள் நான். பக்கத்து மேசையில் மலேசியாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி. கூப்பிடுகிறவர்களும் தமிழர், எடுக்கிறவர்களும் தமிழர். கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். வெள்ளைக்காரி எடுத்தால் சொறி, தாங்க்யூ என்று குழைகிற எங்கள் சனம், நாங்கள் எடுத்தால், "ஏன், அங்க வெள்ளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று தொடங்கும். மலேசியாக்காரியிடம், "உங்கட தமிழ் விளங்கேல்ல, யாழ்ப்பாணத்து ஆள் ஒண்டைத் தாங்கோ" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் தள்ளிவிடுவாள்.

ஆனாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வடக்கு லண்டனில், எட்மண்டனில் தனியாக இருந்த ஓர் அம்மா, மீற்றரில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று பயந்து கூப்பிடுவா. விளக்கைப் பற்றிப் பேசி முடிய, முழங்கால் வலியைப் பற்றியும் பேசுவோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்குப் படிப்பு பெரிதாக இல்லை, இங்கிலிஷும் அப்படி இப்படித்தான். என் பிழைப்பு முழுக்க என் குரலில் இருந்தது.

அப்போதுதான் அந்த மனிதர் கூப்பிட்டார். பெயர் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளரின் விவரம் வெளியே போனால் வேலை போய்விடும், அது எங்கள் கம்பனிச் சட்டம். நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன்: "வணக்கம். தமிழ்ப் பிரிவுக்கு உங்களை வரவேற்கிறோம். இந்த உரையாடல் பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது."

அவருக்கு வீடு மாறியதில் ஏதோ சிக்கல். விலாசத்தைக் கேட்டால் சொல்லாமல், பிள்ளை யாழ்ப்பாணமோ என்றார். ஓம் என்றேன். ஊர் எது என்றார். சொன்னேன். குரலில் தேன் வடிந்தது. தனக்கு அந்த ஊர் நன்றாகத் தெரியும் என்றார். பிறகு கேட்டார்:

"அங்க எந்தக் குறிச்சி?"

வெளியாருக்கு இது விலாசம் கேட்பதுபோல இருக்கும். எங்களுக்குத் தெரியும். ஊருக்குள்ளே யார் எந்தப் பக்கம் இருக்கலாம், யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்று பிரித்து வைத்ததுதான் குறிச்சி. குறிச்சியைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. நேரே சாதியைக் கேட்பது மரியாதை இல்லையாம், அதனால் இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். பெரிய மரியாதைக்காரர்கள்! நான் பொய் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்ல வேண்டும்? என் குறிச்சியின் பெயரைத் தெளிவாகச் சொன்னேன்.

"ஓ," என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வாயில் தமிழே வரவில்லை. தயவுசெய்து ஓர் இங்கிலிஷ் ஆளிடம் மாற்றிவிடும்படி இங்கிலிஷில் கேட்டார். மாற்றிவிட்டேன். தலைக்குள் சுர்ரென்று ஏறியது, ஆனால் அடுத்த அழைப்பையும் எடுத்தேன்.

நாசமாய்ப் போகிற அறுவான் அதோடு விடவில்லை. தன்னுடைய சிக்கலைப் பார்க்காமல் நான் ஊர்க்கதை பேசினேன் என்று முறைப்பாடு கொடுத்தார். மனேஜர் தமிழ் தெரியாத இங்கிலிஷ்காரி. பதிவைக் கேட்டுச் சொல்லும்படி மலேசியாத் தங்கச்சியிடம் கொடுத்தா. அந்தப் பிள்ளைக்குக் குறிச்சி என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? ஊர் எங்கே என்று கேட்டார், அக்கா சொன்னாங்க, அவ்வளவுதான் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். நான் மனேஜருக்கு என் அரைகுறை இங்கிலிஷில் விளக்கினேன். அவர் கெட்ட வார்த்தை ஏதாவது சொன்னாரா என்று கேட்டா. இல்லை, "ஓ" என்றார் என்றேன். ஓர் "ஓ"வை எந்தப் பாஷையில் மொழிபெயர்த்துக் காட்டுவது? ஒரே நாட்டுக்காரர் ஊர் விசாரிப்பது அழகான பழக்கம்தான், ஆனால் வேலை நேரத்தில் வேண்டாமே என்று சிரித்துக்கொண்டே சொல்லி, என்னைப் போனிலிருந்து எடுத்து ஈமெயில் பகுதியில் போட்டா. எழுதி வைத்த இங்கிலிஷ் பதில்களை எடுத்து ஒட்டுகிற வேலை. எட்மண்டன் அம்மாவுக்கு நான் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு டிராமில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை அது.

சம்பளம் குறையவில்லைதானே என்றார் வீட்டுக்காரர். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

மகள் படிக்கிற சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா மோர்டனில் ஒரு மண்டபத்தில் நடக்கும். ஒவ்வொரு வருடமும் அறிவிப்பாளர் நான்தான். இந்த முறை பிரதம விருந்தினர் சமூகத் தொண்டர், தமிழ்ப் பற்றாளர் என்றார்கள். பெயரைக் கேட்டதும் சந்தேகம் வந்தது. லண்டனில் ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள் என்று பேசாமல் இருந்தேன். ஆள் வந்தார். பட்டு வேட்டி, தோளில் சால்வை. தலைமை ஆசிரியை ஏதோ சொல்ல, அவர், "ஓ" என்றார். அந்த "ஓ"வை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன்.

என்ன செய்வது? நடந்ததை மைக்கில் சொன்னால் மிச்சமிருக்கிற வேலையும் போய்விடும். விளக்கு ஏற்றி முடிந்ததும் மைக்கைப் பிடித்தேன். என் வேலைக் குரலை எடுத்தேன்.

"வணக்கம். தமிழ்ப் பிரிவுக்கு உங்களை வரவேற்கிறோம். இந்த உரையாடல் பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது."

முன்வரிசையில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குத்தான் பகிடி விடுகிறேன் என்று சபை சிரித்தது. ஒரே ஒருவர் சிரிக்கவில்லை. சால்வையைச் சரி செய்தார், மறுபடியும் சரி செய்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு, ஊர்களையும் பிரிவுகளையும் தாண்டித் தமிழரை ஒன்றாகக் காணும் பெருமகன் என்று அவரைப் பேச அழைத்தேன்.

மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு தொடங்கினார், இங்கிலிஷில்! தமிழ்ப் பள்ளி விழாவில், திருக்குறள் ஒப்புவிக்கக் காத்திருந்த பிள்ளைகளுக்கு முன்னால். பயந்தால் ஓடிப்போய் ஒளிய அவருக்கு அந்த ஒரு மொழிதான் இருந்தது போலும். நான் மற்ற மைக்கை எடுத்தேன்.

"ஐயா, இது தமிழ்ப் பிரிவு. தமிழிலேயே தொடரலாம்."

மண்டபம் கைதட்டியது. வியர்த்து வழிய, நாமெல்லோரும் ஒரு தாய் பிள்ளைகள் என்று நாலு வசனம் தடுமாறிவிட்டு உட்கார்ந்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். நான் இனிக்க இனிக்க நன்றி சொன்னேன்.

வடையும் தேநீரும் கொடுக்கும் நேரத்தில், கோட்டுகள் தொங்கிய இடத்துக்கு என்னைத் தேடி வந்தார். அன்றைக்கு ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டதாகவும், நான் விரும்பினால் முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவதாகவும் மெல்லச் சொன்னார். பொய் சொல்லக் கூடாது, எனக்கு ஆசை வந்தது. அந்த நாற்காலி, எட்மண்டன் அம்மாவின் குரல், எல்லாம் கண்முன்னே வந்து போயின.

"நல்லது ஐயா. தமிழ்ப் பிரிவுக்கு போன் பண்ணுங்கோ. என்னட்ட என்ன கேட்டனீங்கள், ஏன் கேட்டனீங்கள், பிறகு ஏன் இங்கிலிஷுக்கு மாறினனீங்கள் எண்டு தமிழில சொல்லுங்கோ. எல்லாம் பதிவாகும். அது காணும் எனக்கு."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அதே தேன் குரலில் சொன்னார்:

"உதெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை? உந்தக் குறிச்சிக் கதையளை நாங்கள் ஊரோட விட்டிட்டு வந்திட்டம்."

"ஓ," என்றேன்.

அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.