சிஸ்டரின் அப்பாவுக்கு ஒரு கூட்டம்

அந்த மார்ச் மாதம் முழுவதும் சிஸ்டர் பாதி தாராவியிலும் பாதி டப்ளினிலும் இருந்தார். மருந்தக ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வெயிலில் மிதக்கும் புழுதியைப் பார்த்தபடி, "படகு வந்துட்டா?" என்பார். அயர்லாந்திலிருந்து வந்து, எங்கள் இலவச மருந்தகத்தில் ஐம்பது வருடம் புண்ணுக்குக் கட்டுப்போட்ட கன்னியாஸ்திரீ. நோயாளிகளிடம் கற்ற திருநெல்வேலித் தமிழ். செம்பூரிலிருந்து போய் அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவள் நான். படகு இன்னும் வரவில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சில மத்தியானங்களில் எனக்கே கடல்வாடை அடித்தது.

சிஸ்டரின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் 1916 ஈஸ்டர் திங்களன்று தொடங்கிய எழுச்சியில் துப்பாக்கி பிடித்து, சிறைக்கும் போனவர். அதற்கு அது நூறாவது ஆண்டு.

"அங்க தலைவர்மாருக்கு மாலை போடுவாவ. மூட்ட தூக்குனவருக்கு யாரு போடுவா? நம்ம யூனியன்ல ஒரு கூட்டம் வைக்கச் சொல்லு. எனக்கு அவரு ஞாபகம் இருக்கும்போதே வைக்கச் சொல்லு" என்றார் சிஸ்டர்.

மறதி தன்னை எங்கே கொண்டுபோகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது.

தோல் பட்டறைத் தொழிலாளர் சங்கச் செயலாளர் திருநெல்வேலிப் பக்கத்து பாய். கேட்டதும் சிரித்தார். "அயர்லாந்து எங்க கெடக்கு, தாராவி எங்க கெடக்கு? நம்ம ஆளுவ நம்ம கூட்டத்துக்கே வரமாட்டேங்கானுவக்கா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அங்க சண்டை போட்டவங்கள்ல யூனியன்காரங்க நிறையப் பேர், பாய். பட்டறையில வெட்டுப்பட்ட உங்க கட்டைவிரல் இன்னும் கையோட இருக்கறது எந்தச் சிஸ்டராலன்னு ஞாபகம் இருக்கா?"

பாய் தன் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிக்கா. திங்கக்கெழம பட்டற தொறக்கதுக்கு முன்னால வச்சிருவோம்."

சிறப்பு விருந்தினர் என்று போடுவதற்காகச் சிஸ்டரின் போட்டோவை அனுப்பினேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் ஒரு மகானுபாவன். அஞ்சலி என்று காதில் விழுந்தால் போதும், கையில் இருக்கிற முகத்தை வட்டத்துக்குள் வைத்து இருபுறமும் விளக்கேற்றிவிடுவான்.

திங்கட்கிழமை சிஸ்டரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனால், சங்க வாசலில் ஆளுயரத்துக்குக் 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில், உயிரோடு என் பக்கத்தில் நிற்கிற சிஸ்டர். பாய் தலையில் அடித்துக்கொண்டு ஏணி கேட்டார். கூடியிருந்தவர்கள் சிஸ்டரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

சிஸ்டர் என் கையை விட்டுவிட்டுப் படத்தருகே போனார். தலையில் முக்காடில்லாமல், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த படம் அது. வெகுநேரம் பார்த்தார்.

"எங்கப்பா," என்றார். "அச்சு அசல் எங்கப்பா. போட்டோ எப்படிக் கெடச்சுது?"

ஏணியோடு வந்தவரைப் பாய் கையசைத்து நிறுத்தினார். இறந்தவரின் பெயரைச் சொல்லி வீரவணக்கம் போட்டுத்தான் சங்கத்தில் கூட்டம் தொடங்கும். "அப்பா பேரு என்னம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

சிஸ்டர் உதடு அசைய எங்கெங்கோ தேடினார். கிடைக்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பாய் முஷ்டியை உயர்த்தினார். "எங்க அப்பாவுக்கு!"

"வீரவணக்கம்!" என்று சந்து அதிர்ந்தது. என் வாழ்நாளில் கோஷம் போட்டவளில்லை நான். அன்று தொண்டை கிழியக் கத்தினேன்.