விண்கலத்தில் தலைத் தீபாவளி

அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் தட்டச்சு நிலையத்தில் நானும் தட்டச்சு அக்காவும் மட்டும் இருந்தோம். முதலாளி ராஜபாளையம் போயிருந்தார். தீபாவளி மலர்ப் போட்டிக்கு என் கதை மாலைத் தபாலில் போயாக வேண்டும். விண்கலத்தில் தனியாகப் பறக்கும் புதுமணத் தம்பதியின் தலைத் தீபாவளிதான் கதை.

ஒல்லியான விரல்கள் அக்காவுக்கு. ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துப் பார்க்காமல் அடிக்க மாட்டார். காதல் வசனங்களை முடித்து எண்ணெய்க் குளியலுக்கு வந்ததும் கை நின்றது.

"ஏ தம்பி, மாப்பிள்ளை தானே எண்ணெ வச்சுக்கிடுதானா?"

"அங்க வச்சுவிடப் பெரியவங்க யாருமில்லையேக்கா."

"பொண்டாட்டி எதுக்கு இருக்கா?"

"எடையில்லாத இடம்க்கா. ஊத்துனா எண்ணெ உருண்டையா மிதந்து போயிரும்."

"அப்ப அவ வெரட்டிப் புடிச்சுல்லா தேய்க்கணும்! அதை எழுதாம ரெண்டு பக்கத்துக்கு வசனம் பேசிக்கிட்டு இருக்கியே!"

வசனத்தை நீக்கிவிட்டு அங்கேயே மாற்றி எழுதினேன். அதை அடிக்கும்போது அக்கா தனக்குள் சிரித்துக்கொண்டார். யாரை நினைத்து என்று கேட்கத் துணிவில்லை, இன்றும் யோசிக்கிறேன்.

பரிசு கிடைக்கவில்லை, ஆனால் மலரில் கதை வந்தது. நீக்கிய பக்கங்களுக்கும் சேர்த்தே அக்கா அன்று கூலி வாங்கியிருந்தார். "அடிச்சது அடிச்சதுதான்" என்றார். மொத்தம் பத்து ரூபாய்.